மை இல்லாத கன்னம்

குளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் மாஸ்டராக இருந்தபோது இரண்டு குழந்தைகளை வரைந்தேன். ஒன்று அம்மை குத்திக்கொண்ட குழந்தை, இன்னொன்று குத்திக்கொள்ளாத குழந்தை. பார்க்கிற தாய்மார்கள் வெளியே வந்ததும் பிள்ளையின் கையை நீட்ட வேண்டும் என்பதுதான் படத்தின் நோக்கம். நடந்தது வேறு. வரைந்தவன் நான்தான், ஆனாலும் அந்தப் படங்கள் யாருக்கு என்ன சொல்லின என்று கேட்டால் இன்றைக்கும் தலையைச் சொறிவேன்.

சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சர்க்கார் மாறினாலும் எனக்கு மாறாதது ஒன்றுதான்: ஊரில் யாருக்குப் படம் வேண்டுமானாலும் டிராயிங் மாஸ்டரைக் கூப்பிடுவார்கள். ஆண்டு விழாத் திரை, கல்யாணப் பந்தல் போர்டு, மாட்டுத் தரகர் வீட்டுக் கதவில் கிளி, எல்லாம் நான்தான். ஓசி வேலைக்கென்றே பிறந்தவன் என்று என் தலையில் எழுதி ஒட்டியிருக்கும் போல. அதனால் நர்சம்மா பள்ளிக்கூடத்து வாசலில் குடையை மடக்கியபடி வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். சிசு நலத்துக்கென்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். பேசிப் பேசித் தொண்டை வற்றிப்போய்விட்டது, இனிமேல் படமாக மாட்டிக் காட்டலாம் என்று இருக்கிறேன் என்றார். தண்ணீரைக் காய்ச்சுவது, தொப்புள்கொடியைச் சுத்தமான கத்தியால் அறுப்பது என்று எட்டுப் படம். கடைசி இரண்டும் அம்மை. முதல் கண்காட்சி வல்லத்திராக்கோட்டையில்.

"அங்க உங்க அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்காமே மாஸ்டர்?" என்றார். "அம்மை குத்துறவர் ரெண்டு தடவை போயிட்டாரு. ரெண்டு தடவையும் உங்க அக்கா பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கொல்லைக்காட்டுக்குள்ள போயிட்டாங்களாம். மாஸ்டரோட அக்காவே ஒத்துக்கலைன்னா மத்தவங்க எப்படி ஒத்துக்குவாங்க?"

எரிச்சல் போன இடம் தெரியவில்லை. வரைகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு இது இரண்டாவது பிள்ளை. மூத்தவன் இரண்டு வயதில் அம்மையில் போய்விட்டான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அம்மாள் வந்திருக்கிற வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது என்பதால் பதினோரு நாள் இருந்தேன். அதன் பிறகு நாலு வருஷம் கழித்துப் பிறந்தவன் இவன். ஒரு வயது முடிந்து தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். இவனையும் தூக்கிக் கொடுக்க வேண்டி வருமோ என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அக்காவிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று.

"அவளா வந்தா வரட்டும். நாமளா ஊசியைக் குத்தி வீட்டுக்குள்ள கூப்புடுவாகளாடா? போன தடவ கூப்புடாமலே வந்தவ" என்பாள். அதற்கு மேல் பேசினால் அடுப்பை ஊத ஆரம்பித்துவிடுவாள்.

இரண்டு சனிக்கிழமை வல்லத்திராக்கோட்டைக்குப் போய் மருமகனை உட்கார வைத்து வரைந்தேன். உட்கார வைத்தேன் என்பது பேச்சுக்குத்தான். ஒரு வெல்லக்கட்டியைக் கையில் கொடுத்தால் அது கரைகிற வரைக்கும் இருப்பான், அதற்குள் நான் வரைந்துகொள்ள வேண்டும். அக்காவுக்கு ஒரே பெருமை. எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. படத்தில் பிள்ளை நன்றாக வந்தான். குண்டுக் கன்னம், மடிப்பு மடிப்பாகத் தொடை. கையில் அம்மை குத்திய தழும்புகளை மட்டும் கற்பனையாகப் போட்டேன்.

அம்மை கண்ட குழந்தையைக் குளத்தூரில் என் அறையில் ஒரே சாயங்காலத்தில் வரைந்து முடித்தேன். அதற்குத் தனியாக ஒரு குழந்தையைத் தேடிப் போக முடியுமா? மருமகனின் முகத்தையே மனதில் வைத்துக்கொண்டு, கன்னத்தை ஒட்டவிட்டு, கண்ணை மூடவைத்து, அம்மை முத்துக்களைப் போட்டேன். கை தானாக ஓடியது. அவ்வளவு வேகமாக நான் எதையும் வரைந்ததில்லை. முடிந்ததும் திருப்பிச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

கண்காட்சி அன்று வல்லத்திராக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரம் கட்டி, கயிறு கட்டி, படங்களைத் தொங்கவிட்டோம். வராந்தாவில் அம்மை குத்துகிறவர் தன் பெட்டியோடு உட்கார்ந்தார். உள்ளே படத்தைப் பார்ப்பது, வெளியே வந்து கையை நீட்டுவது. நர்சம்மாவின் ஏற்பாடு கச்சிதமாகத்தான் இருந்தது.

கூட்டத்துக்கும் குறைவில்லை. பெண்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். நர்சம்மா குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக விளக்கினார். கடைசி இரண்டு படத்துக்கு வந்ததும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தலையை ஆட்டினார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள், சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆனால் வெளியே போனவர்கள் வராந்தாவில் நிற்காமல் நேரே படியிறங்கி வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் இருவர் போனால் பரவாயில்லை, கும்பல் மொத்தமும் போயிற்று. அம்மை குத்துகிறவர் மத்தியானத்துக்குள் இரண்டு தரம் தூங்கி விழுந்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படம் பிடித்திருக்கிறது, தலையை ஆட்டுகிறார்கள், பிறகு ஏன் போகிறார்கள்? வாசல் பக்கம் போய் நின்று காதைக் கொடுத்தேன்.

"நாம சொன்னா எளக்காரம். இப்ப கவருமெண்டே எழுதி மாட்டியிருக்கு பாருடி" என்று ஒருத்தி மருமகளிடம் சொல்லிக்கொண்டு போனாள். "மை வச்ச புள்ள கொழுக்கு மொழுக்குன்னு இருக்கு. மை வைக்காத புள்ளைக்கு முத்துப் போட்டுருக்கு. இனிமேயாச்சும் தெனமும் வைப்பியா, மாட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். கொழுத்த குழந்தையின் இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. உள்ளங்காலில் இன்னொன்று. நோயாளிக் குழந்தைக்கு எங்கேயும் இல்லை. மற்றபடி இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே பாய், ஒரே அரைஞாண். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது அந்தப் பொட்டில்தான். கையிலிருந்த தழும்பை யார் கவனிக்கப்போகிறார்கள்?

நர்சம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார். "மாஸ்டர், இது என்ன?"

"மைங்க."

"எதுக்கு?"

"பிள்ளை நல்லா வந்திருச்சுங்க. கண்ணு பட்டுருமேன்னு..."

சொல்லும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. காகிதத்துப் பிள்ளைக்குக் கண்ணேறு பட்டுவிடும் என்று பயந்து பொட்டு வைத்தவன் நானாகத்தான் இருப்பேன். வைத்ததாகவே எனக்கு நினைவில்லை. வரைந்து முடித்ததும் தூரிகை தானாகக் கன்னத்துக்குப் போயிருக்கிறது.

"சரி, அந்தப் பிள்ளைக்கு ஏன் வைக்கலை?"

"அம்மை போட்ட பிள்ளைக்கு மை வைக்கிறதில்லைங்க. எறங்கி, தலைக்குத் தண்ணி ஊத்துன அன்னைக்குத்தான் திரும்ப வைப்பாங்க."

"நல்லா சொல்லிக் குடுத்தீங்க போங்க" என்று குச்சியை மேஜை மேல் போட்டார். பிறகு கோபத்தை அடக்கிக்கொண்டு, "ஒண்ணும் கெட்டுப்போகலை. அந்தப் பொட்டை அழிச்சுடுங்க. இல்லைன்னா இந்தப் பிள்ளைக்கும் ஒண்ணு வைங்க. ரெண்டும் ஒண்ணாயிட்டா அப்புறம் தழும்புதான் கண்ணுக்குத் தெரியும்" என்றார்.

சரியான யோசனை. நானும் வண்ணத்தைக் குழைத்தேன். கொழுத்த பிள்ளையின் கன்னத்துக்குத் தூரிகையைக் கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது. அது மருமகன். அவன் கன்னத்துப் பொட்டை நானே அழிப்பதா? சரி, இன்னொன்றுக்கு வைப்போம் என்று அந்தப் பக்கம் திரும்பினேன். அம்மை போட்டிருக்கிற முகத்தில் மையைக் கொண்டுபோய் வைப்பதா? அங்கேயும் கை போகவில்லை. பிள்ளைகளுக்கு வர்ணச் சக்கரம் சொல்லிக்கொடுக்கிறவன், பத்திரிகை படிக்கிறவன், இதெல்லாம் மூட நம்பிக்கை என்று டீக்கடையில் வாதாடுகிறவன், இரண்டு காகிதத்துக்கு நடுவில் தூரிகையோடு நின்றேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை அசையவில்லை.

"கறுப்புத் தீந்துபோச்சுங்க" என்று பொய் சொன்னேன். தட்டில் கறுப்பு நிறையக் கிடந்தது. நர்சம்மா அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். 

அந்த நேரத்தில்தான் அக்கா வந்தாள். ஒன் மகன் படத்தை மாட்டியிருக்காக என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பில் பிள்ளையோடு, தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நேரே கொழுத்த பிள்ளைக்கு முன்னால் போய் நின்று, "ஏ, இங்கிட்டுப் பாருடா, யாரு இது?" என்று மகனுக்குக் காட்டினாள். அவன் காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே பக்கத்துப் படத்துக்குத் திரும்பினாள்.

சிரிப்பு நின்றது. 

"இவன ஏன்டா வரஞ்ச?"

"ரெண்டும் ஒம் மகன்தான்க்கா. ஒரு மாதிரிக்கு..." என்று நான் உளறினேன். மகனுக்கு அம்மை போட்டு வரைந்துவிட்டான் என்று மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்றுதான் பயந்தேன்.

"இது இவன் இல்ல" என்றாள் அக்கா. "இது பெரியவன்."

"இல்லக்கா, இவன வச்சுத்தான்..."

"காதப் பாரு."

பார்த்தேன். நான் வரைந்த குழந்தையின் காதில் பொடி வளையம் இருந்தது. இடுப்பில் இருந்தவனுக்கு இன்னும் காது குத்தவில்லை. மூத்தவனுக்குக் காது குத்தி ஒரு மாதத்துக்குள் அம்மை கண்டது என்பதால், இவனுக்குக் குத்தவே பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வளையத்தை நான் எப்போது வரைந்தேன்? தெரியவில்லை. இவனை நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வந்தவன் அவனா? இரண்டு பேரும் ஒரே சாயல், கை தவறியிருக்குமா? அன்றிலிருந்து இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பிடிபடவில்லை.

அக்கா மகனின் கன்னத்தைப் பார்த்தாள். காலையில் வைத்த மை வியர்வையில் பிசுபிசுத்திருந்தது. அதை ஆள்காட்டி விரலால் தொட்டு எடுத்தாள். நானும் நர்சம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படத்தில் முத்துப் போட்டுப் படுத்திருந்த பிள்ளையின் கன்னத்தில் அழுத்தி வைத்தாள்.

"தலைக்குத் தண்ணி ஊத்தாமலே போயிட்டான். மை வைக்காமலே தூக்கிக் குடுத்துட்டேன்" என்றாள். என்னிடம் சொன்னாளா, நர்சம்மாவிடம் சொன்னாளா தெரியாது. நான் கண்ணைத் துடைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா அழவில்லை. இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "இப்ப ரெண்டு பேருக்கும் மை இருக்கு. இவன் நல்லா இருக்கான். அவன் ஏன் நல்லா இல்ல? அவனுக்கு என்ன வைக்காம விட்டேன்?" என்று நர்சம்மாவைக் கேட்டாள்.

காலையிலிருந்து ஓயாமல் பேசிய நர்சம்மா குச்சியைக்கூட எடுக்கவில்லை. விரலால் கொழுத்த பிள்ளையின் கையிலிருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் படுத்திருந்த பிள்ளையின் வெறுங்கையைக் காட்டினார்.

அக்கா வராந்தாவுக்குப் போய் அம்மை குத்துகிறவர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் பதறி எழுந்து, ஊசியைத் துடைத்து, பிள்ளையின் இடது கையைப் பிடித்தார்.

"அந்தக் கை வேணாம். இந்தக் கையில குத்துங்க."

"இடது கைதாம்மா வழக்கம்."

"படத்துல வலது கையிலதான இருக்கு? எந் தம்பி அப்புடித்தான் வரஞ்சிருக்கான்."

எதிரே உட்கார்ந்த பிள்ளையைப் பார்த்து வரைந்ததில் கை மாறிப்போயிருக்கிறது. அதுவும் என் கோளாறுதான். அம்மை குத்துகிறவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு வலது கையில் குத்தினார். பிள்ளை போட்ட சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா குத்தவிட்டாள் என்று கேள்விப்பட்டுச் சாயங்காலத்துக்குள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் வலது கையைத்தான் நீட்டினார்கள்.

எனக்கு அன்றைக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்கு விஷயம் புரிந்து குத்தவிட்டாளா, படத்தில் இருக்கிறபடி பிள்ளை இருந்தால் போதும் என்று குத்தவிட்டாளா? வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேவிட்டேன்.

"எனக்கு என்னடா தெரியும்? பெரியவன் கையில ஒண்ணும் இல்ல. இவன் கையிலயாச்சும் இருக்கட்டும்" என்றாள்.

ஒரு வாரத்தில் ஆள் வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று.  ஊசி போட்டால் காய்ச்சல் வரும், கொப்புளம் கண்டு பொருக்குத் தட்டும் என்று நர்சம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனாலும் வல்லத்திராக்கோட்டைக்குப் போகிற வழியெல்லாம், நான் வரைந்து வரவழைத்துவிட்டேன், என் படத்தால்தான் இது என்று புலம்பிக்கொண்டே போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பிள்ளையின் கன்னத்தில் மை இல்லை. அக்கா தாளிப்பை நிறுத்தியிருந்தாள். ஊசியால் வந்தாலும் வந்தவள் வந்தவள்தானே என்றாள். நர்சம்மா வந்து பார்த்து, இதெல்லாம் எதுக்கு என்று வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, வேப்பிலைக்குக் கீழே குனிந்து உள்ளே போனார்.

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. கையில் பொருக்கு உதிர்ந்ததும் அக்கா பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர். துவட்டிவிட்டு மை வைத்தாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள். நானும் கூட உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்புறம் ஒரு நாள், "அந்தப் பெரியவன் படத்த எனக்குக் குடுடா. அவன் முகம் எங்கிட்ட வேற இல்ல" என்று கேட்டாள். நியாயம்தான். மூத்தவனைப் போட்டோ எடுத்ததில்லை. ஆனால் படங்கள் சுகாதார இலாகாவின் சொத்தாகிவிட்டன, ஜீப்பில் ஏறி ஆவுடையார்கோவில் பக்கம் போய்விட்டன. வேறு வரைந்து தருகிறேன், முத்து இல்லாமல், சிரித்த முகமாக, என்று வாக்குக் கொடுத்தேன். உட்கார்ந்து பார்த்தேன். சின்னவன்தான் வந்தான். எத்தனை தடவை உட்கார்ந்தாலும் சின்னவனே வந்தான். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் கேட்காமலே வந்தவன் திரும்ப வரவில்லை.

ஏழெட்டு வருஷம் போயிற்று. நர்சம்மா மாற்றலாகிப் போய்விட்டார். வேறு வேலையாகச் சுகாதார ஆபீசுக்குப் போனபோது, மூலையில் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் என் படங்கள் சுருட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். கழிக்கப்போகிற சாமான், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பியூன். தூசியைத் தட்டி, கடைசிப் படத்தை விரித்தேன்.

முகம் பாதியைக் காணவில்லை. அக்கா வைத்த பொட்டின் மேல் இன்னொரு பொட்டு, அதன் மேல் இன்னொன்று, பக்கத்தில் ஒன்று, நெற்றியில், மூடிய கண்ணுக்குக் கீழே. விளக்கெண்ணெய் மை அப்பி அப்பித் தடித்து, கன்னம் முழுக்கக் கறுப்பாகியிருந்தது. சிலதில் விரல் ரேகைகூடத் தெரிந்தது. படம் எந்தெந்த ஊருக்குப் போனதோ, எத்தனை பேர் யாருக்கும் தெரியாமல் கையை நீட்டி வைத்தார்களோ. நோய் வராமல் இருக்க வைத்தார்களா, போன பிள்ளைக்கு வைத்தார்களா, முன்னால் நின்றவள் வைத்தாள் என்று வைத்தார்களா? அவர்கள் எல்லோரும் வெளியே போய்ப் பிள்ளையின் கையை நீட்டினார்களா? ஆபீசில் கேட்டால் யாருக்குத் தெரியும்?

அக்காவிடம் கொண்டுபோனேன். முகம் அழிந்துவிட்டதே, என்ன சொல்லிக் கொடுப்பது என்று குழம்பிக்கொண்டே விரித்தேன். அவள் அதைப் பாயில் வைத்து, கறுத்த கன்னத்தை விரல் நுனியால் தடவினாள். சின்னவன் அப்போது நாலாம் வகுப்பு. வலது கையில் தழும்போடு வாசல்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான்.

"இம்புட்டுப் பேரா வச்சிருக்காளுக?" என்றாள்.

ஆமாம் என்றேன். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு ஓரம் மடங்காமல் தானே சுருட்டி, நூல் சுற்றி, என் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோயி எடுத்த எடத்துலயே வச்சுருடா. யாராச்சும் தேடிக்கிட்டு வருவாளுக."

குப்பைக்குப் போகிற சாமான் அக்கா அது, யாரும் வரமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.  மறுநாள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், அந்த உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில், இருந்தபடியே வைத்துவிட்டு வந்தேன்.